பண்ணை ஆட்களுக்குப் பயிற்சி: வணிகர் சங்கப் பணத்தை எதில் போடுவது?

தராசு

எங்கள் வட்டார வணிகர் சங்கம் இந்த ஆண்டு ஒரு தொகையை ஒதுக்கி இருக்கிறது. பாதி, பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தொழில் பயிற்சி தர. மீதி, அவர்களில் சொந்தமாகச் சிறு தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குக் கை கொடுக்க. சங்கத்தில் விதை, உரக் கடைக்காரர்கள், டிராக்டர் பட்டறைக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள், குளிர்பதனக் கிடங்கு நடத்துபவர், சில பெரிய பண்ணைக்காரர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் வந்த யோசனை நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். மண்டபம் பிடிப்பது, நிபுணர்களை அழைப்பது, மூன்று நாள் வகுப்பு, கடைசி நாள் சான்றிதழ், குழுப் படம். எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. ஒரு உறுப்பினர் நேரடியாகவே கேட்டார்: "இதில் நமக்கு என்ன வரும்?" பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. போடுகிற பணத்தால் யாருக்கு என்ன மாறும் என்று தெரியாமல் எதற்குப் போட வேண்டும்?

எங்கே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொள்கை விளக்கம் வேண்டாம், வேலை நடக்கிற விதம் வேண்டும்.

கயிற்றுக்கட்டில்

சான்றிதழை லேமினேட் போட்டுக் கொடுங்கள் சார். மழைக்குத் தலையில் பிடித்துக்கொள்ளவாவது ஆகும்.

மடைதிறப்பான்

பண்ணை நிர்வாகம் பார்க்கிறவன் என்ற முறையில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆள் பழக்குவதில் எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பழக்கிவிட்ட ஆள் அடுத்த பருவத்தில் பக்கத்துப் பண்ணையில் நிற்கிறான். அவர் பயிற்சிக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை, அந்த மிச்சத்தில் கொஞ்சம் கூலியைக் கூட்டி அழைத்துக்கொள்கிறார். இதை ஓரிரு முறை பார்த்தவன் பிறகு யாரையும் பழக்க மாட்டான். அவரும் பழக்க மாட்டார், நானும் பழக்க மாட்டேன். எல்லோரும் சேர்ந்து "திறமையான ஆளே கிடைப்பதில்லை" என்று புலம்புவோம்.

எனக்குத் தேவையான திறமைகளும் பெரிய ரகசியமில்லை. மருந்து தெளிப்பானின் நாசிலை, அதாவது மருந்து பீச்சுகிற முனையை, சரிபார்க்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே அளவுக் குவளையைப் பிடித்து ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். புது நாசில் தருகிற அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வந்தால் அது தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இதைச் செய்யாத பண்ணையில் மருந்துப் பணம் மண்ணில் போகிறது, பாதிப் பயிருக்கு அளவு கூடிக் கருகுகிறது. ஒரு காலை வேளையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்து கற்க முடியாது.

அதேபோல் கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குவது), பால் கறக்கும் எந்திரத்தைக் கழுவுவது, சொட்டுநீர் வடிகட்டியைக் கவனிப்பது. எல்லாமே கைவேலை.

ஓய்வுபெற்றவன்

மடைதிறப்பான் சொன்ன சிக்கலைப் பொருளாதாரம் படித்தவர்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். 1964இல் கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை இரண்டாகப் பிரித்தார். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உதவுகிற திறமைக்கு முதலாளி செலவழிப்பார். எங்கே போனாலும் உதவுகிற திறமைக்குச் செலவழிக்கத் தயங்குவார், ஏனென்றால் பலன் ஆளோடு நடந்து போய்விடும். பண்ணைத் திறமைகளில் பெரும்பகுதி இரண்டாவது வகை.

தராசு, உங்கள் சங்கத்துக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். ஒரு பண்ணை தனியாகப் போட்டால் நட்டம், எல்லோரும் சேர்ந்து போட்டால் நட்டமில்லை. பழகிய ஆள் பக்கத்துப் பண்ணைக்குப் போனாலும் அங்கே பழகிய ஒருவன் இங்கே வருவான்.

பிரேசிலில் இதைச் சட்டமாகவே செய்தார்கள். 1942இல் தொழிற்சாலை ஆட்களைப் பழக்க செனாய் என்ற அமைப்பு வந்தது. முதலாளிகளின் கூட்டமைப்பே நடத்துகிறது, பணம் ஒரு கட்டாயப் பங்களிப்பாக வருகிறது. அதே மாதிரியில் 1991இல் கிராமப்புறத்துக்கு செனார் வந்தது. விற்கிற விளைச்சலின் மதிப்பில் ஒரு சின்னத் துளி இதற்குப் போகும். பண்ணையாளர் கூட்டமைப்பு நடத்துகிறது, உள்ளூர்ச் சங்கங்கள் ஆட்களைத் திரட்டுகின்றன, பயிற்சியாளர் பண்ணைக்கே போகிறார், கற்பவருக்குக் கட்டணம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் சம்பளப் பட்டியலில் ஒரு சதவீதம் திறன் வரியாகப் போகிறது, வேளாண் துறைக்கென்று தனி ஆணையமே இருக்கிறது.

சந்தேகராசா

ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு உதாரணத்திலும் சட்டம் கழுத்தைப் பிடிக்கிறது. வணிகர் சங்கத்துக்கு அந்த அதிகாரம் ஏது? சந்தா கட்டாதவரும் பழகிய ஆளை எடுத்துக்கொள்ளத்தான் செய்வார். மடைதிறப்பானின் பக்கத்துப் பண்ணைக்காரர் சங்கத்திலேயே இல்லை என்றால்?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதுவரை பேசியவர்கள் எல்லோரும் பண்ணைக்காரருக்கு என்ன மிச்சம் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நாசில் பார்க்கக் கற்றவனுக்கு அடுத்த நாள் கூலி எவ்வளவு கூடும்? கூடாது என்றால் அவன் எதற்கு வர வேண்டும்?

மடைதிறப்பான்

வேலை நிரந்தரமாகும். அது போதாதா?

சந்தேகராசா

அதை எழுதிக் கொடுப்பீர்களா?

நாற்றங்கால்

இழையை முதலிலிருந்து படித்தேன். இங்கே வகுப்பில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. பழத்தோட்டத்தில் கூலிக்கு இருந்தேன், இப்போது சொந்தமாகச் சின்ன நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன்.

நாங்கள் வேலை செய்த பக்கத்தில் ஓர் அமைப்பு பயிற்சி நடத்தியது. பெயர் வேண்டாம். வேலை நாளில் வைத்தார்கள். வருகிறவர்களுக்கு அன்றைய கூலி கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. யார் வந்தார்கள் தெரியுமா? அன்றைக்கு வேலை கிடைக்காதவர்கள், மேஸ்திரியின் சொந்தக்காரர்கள், அப்புறம் ஆள் குறைகிறது என்று கடைசி நேரத்தில் வண்டியில் ஏற்றி வரப்பட்ட நாங்கள். உண்மையில் கவாத்து செய்கிற கைகள் எல்லாம் தோட்டத்தில் இருந்தன. வகுப்பெடுத்தவர் நல்லவர், நன்றாகத்தான் பேசினார். அவர் காட்டிய படத்தில் இருந்த மரம் எங்கள் தோட்டத்து மரம் இல்லை.

சான்றிதழ் கொடுத்தார்கள். கூலி அதேதான். அடுத்த முறை கூப்பிட்டபோது யாரும் போகவில்லை. "இந்த ஜனங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று அந்த அமைப்பில் பேசிக்கொண்டார்களாம்.

நான் ஒட்டுக்கட்டக் கற்றது வேறு இடத்தில். அங்கே ஒரு மூத்த அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார். கத்தியை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், இரண்டாவது முறை சீவினால் வெட்டு அலைஅலையாகிவிடும். வேர்ச்செடியின் பச்சைப் பட்டையும் அதில் ஒட்டுகிற குச்சியின் பச்சைப் பட்டையும் ஒரு பக்கமாவது தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டும் ஒரே தடிமனில் இல்லை என்றால் நடுவில் வைக்காதே, ஓரத்தில் தள்ளி வை என்பார். நாடாவைக் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்காது. சில வாரம் கழித்து எத்தனை ஒட்டு பிடித்தது என்று எண்ணிப் பார்ப்பார்கள். நூற்றுக்கு இத்தனை பிடித்தால் இந்தக் கூலி, அதற்கு மேல் என்றால் அடுத்த படி என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். கற்றுக்கொண்டிருந்த நாட்களுக்கும் கூலி உண்டு. யாரையும் ஆர்வமூட்ட வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்றார்கள்.

ஆகையால் தராசு அண்ணே, மண்டபத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் பயிற்சி நாள் கூலிக்கு மாற்றுங்கள். கூலிப் படியை முன்கூட்டி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மற்றது எல்லாம் அப்புறம். மாலை நேரத்தில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், வீட்டு வேலை காத்திருக்கும்.

கயிற்றுக்கட்டில்

அக்கா பேசியபின் லேமினேஷன் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

வெளியூர்க்காரன்

நாற்றங்கால் சொன்னதற்குப் பெரிய அளவில் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் இம்மொகாலி என்ற இடத்தில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் ஒரு கூட்டணி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பண்ணைக்காரர்களோடு மோதுவதைவிடத் தக்காளி வாங்குகிற பெரிய உணவகச் சங்கிலிகளைப் பிடித்தார்கள். ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு, அது பறித்தவர் சம்பளத்தில் சேரட்டும் என்பதுதான் கோரிக்கை. 2005இல் முதல் பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2011இல் இருந்து புளோரிடாத் தக்காளித் தொழிலின் பெரும்பகுதி அந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது.

இங்கே நமக்கு வேண்டிய பகுதி வேறு. அந்தத் திட்டத்தில் தொழிலாளருக்கு உரிமைகளையும் பாதுகாப்பையும் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு உண்டு. அது பண்ணையிலேயே, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்கும். சொல்லிக்கொடுப்பவரும் தொழிலாளர்தான். வாங்குகிறவன் பணத்தைத் தருகிறான், பண்ணைக்காரன் நேரத்தைத் தருகிறான், கற்றவனே கற்பிக்கிறான். தராசு சங்கத்தில் குளிர்பதனக் கிடங்குக்காரரும் மொத்த வியாபாரிகளும் இருந்தால் வாங்குகிறவனும் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறான் என்று அர்த்தம். அவர்களிடமும் பங்கு கேட்கலாம்.

மடைதிறப்பான்

> மண்டபத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் பயிற்சி நாள் கூலிக்கு மாற்றுங்கள்

இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சங்கம் கொடுக்கிறது என்றால். அறுவடை நேரத்தில் வேண்டாம், வேலை குறைந்த பருவத்தில் வையுங்கள். அந்த நாட்களில் ஆட்களுக்கும் வருமானம் குறைவு, அவர்களுக்கும் உதவும், எனக்கும் இடைஞ்சல் இல்லை.

கூலிப் படியை எழுதி ஒட்டுவதுதான் இடிக்கிறது. விலை விழுந்த வருடத்தில் அந்தத் தாளை என்ன செய்வது? எழுதியதைக் கொடுக்க முடியாமல் போனால் எழுதாமல் இருந்ததைவிட மோசமாகிவிடும்.

நாற்றங்கால்

விலை விழுந்த வருடத்தில் டீசல்காரர் விலையைக் குறைக்கிறாரா அண்ணே?

மடைதிறப்பான்

இல்லைதான். ஆனால் டீசலை நான் குறைவாக வாங்கிக்கொள்வேன். ஆளை அப்படிச் செய்ய மனம் வராது. அதனால்தான் வாக்குக் கொடுக்கத் தயங்குகிறேன். சரி, படி எழுதுகிறவர்கள் எழுதட்டும், அந்தப் பண்ணைகளுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டு வருவோம்.

சந்தேகராசா

இது நல்ல வாசல். என் பழைய கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. சங்கத்தால் வரி போட முடியாது, ஆனால் தன் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று நிபந்தனை போடலாம். படி ஒட்டிய பண்ணைக்குத்தான் பயிற்சிக் கூலி. சங்கத்தில் இல்லாதவர் ஆளை இழுத்தாலும், அவர் சுவரில் தாள் இல்லை என்று ஆளுக்கே தெரியும்.

ஓய்வுபெற்றவன்

பாடத்திட்டம் பற்றி யாரும் பேசாததால் நான் ஆரம்பிக்கிறேன். பாதுகாப்பு முதலில் வர வேண்டும். கட்டுமானம், சுரங்கம், வேளாண்மை மூன்றையும்தான் மிக ஆபத்தான தொழில்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைக்கிறது. வேளாண்மைக்கென்றே 2001இல் தனி உடன்படிக்கை கொண்டுவந்தார்கள்.

டிராக்டரின் பின்னால் இருக்கிற பி.டி.ஓ. தண்டை, அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகிற தண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 9. சட்டையின் நுனியோ துண்டோ பட்டால், இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மூளை நினைப்பதற்குள் பல சுற்று சுற்றிவிடும். பயிற்சியில் நான் இதைப் பேச்சால் சொல்வதில்லை. வைக்கோல் திணித்த பழைய சட்டையின் கையை ஒரு கம்பால் தள்ளி, எல்லோரையும் தூர நிறுத்தி, ஒரு முறை காட்டுவேன். கேள்வி கேட்கவே யாருக்கும் வாய் வராது.

ஆனால் பயிற்சியால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. அந்தத் தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். பல பண்ணைகளில் உடைந்துபோய் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். உறையில்லாத தண்டுக்குப் பக்கத்தில் நின்று "கவனமாக இரு" என்று வகுப்பெடுப்பது ஏமாற்று வேலை. சுவீடனில் 1959இல் புதிதாக விற்கும் டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயம் என்றார்கள். டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை அங்கே சரிந்தது. ஓட்டுநர்கள் திடீரென்று புத்திசாலிகளாகிவிடவில்லை, இரும்பு காப்பாற்றியது.

எனவே தராசு, உங்கள் பட்டறைக்கார உறுப்பினர்களிடம் பணம் கேட்காதீர்கள். பயிற்சி நடக்கிற பண்ணையில் இருக்கிற ஒவ்வொரு தண்டுக்கும் உறை மாட்டித் தரச் சொல்லுங்கள். அதை மாட்டுகிற வேலையையே முதல் பாடமாக வைக்கலாம்.

தராசு

பட்டறைக்காரர் ஒருவரிடம் இன்று பேசினேன். உறை கையிருப்பு இருக்கிறது, அடக்க விலைக்குத் தருகிறேன் என்கிறார். மாட்டுவதற்கு இரண்டு பையன்களை அனுப்புவாராம். "நமக்கு என்ன வரும்" என்று கேட்டவர் இவர்தான். அவருக்கு இதில் வியாபாரமும் இருக்கிறது, இருக்கட்டுமே.

ஐயா, கற்பிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். மூன்று நாள் வகுப்பு என்பதைக் கூட்டத்தில் எப்படி உடைப்பது?

ஓய்வுபெற்றவன்

உடைக்க இரண்டு கதை போதும்.

முதலாவது இந்தோனேசியா. நெல்லில் புகையான் பூச்சி பெருகி நாட்டையே ஆட்டியது. ஆராய்ந்தபோது, அடித்த மருந்து சிலந்திகளையும் மற்ற நல்ல பூச்சிகளையும் கொன்றதால்தான் புகையான் தலைவிரித்தாடியது என்று தெரிந்தது. 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். தடை போட்டால் மட்டும் போதுமா, விவசாயி நம்ப வேண்டுமே. 1989இல் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு. நட்டதிலிருந்து அறுவடை வரை வாரம் ஒரு காலை. வயலில் இறங்கிச் செடியைப் பிரித்துப் பூச்சியை எண்ணுவார்கள். கரையேறி ஒரு பெரிய தாளில் செடியை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறு பக்கம் நன்மை செய்யும் பூச்சி என்று வரைவார்கள். இந்த வாரம் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று குழுவே வாதாடி முடிவு செய்யும். வலைக்கூண்டில் சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக விட்டு வைப்பார்கள். மறுநாள் எத்தனை மிச்சம் என்று எண்ணியவனிடம் அதற்கப்புறம் மருந்துக் கடைக்காரர் பேச்சு எடுபடாது. (உங்கள் சங்கத்தின் உரக்கடை உறுப்பினர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

இரண்டாவது பிரான்சு. 1935இல் தென்மேற்கில் ஒரு சிற்றூரில் கிரனெரோ என்ற பாதிரியார் நான்கு பண்ணைப் பையன்களை வைத்து ஆரம்பித்தார். மாதத்தில் ஒரு வாரம் அவரோடு தங்கிப் படிப்பு, மீதி வாரங்கள் வீட்டுப் பண்ணையில் வேலை. வீட்டுக்குப் போகும்போது ஒரு கேள்வியோடு போக வேண்டும், திரும்பும்போது பதிலோடு வர வேண்டும். நிர்வாகம் பெற்றோர் சங்கத்தின் கையில். இன்று பிரான்சில் மட்டும் அப்படிப்பட்ட கிராமக் குடும்ப இல்லங்கள் 400க்கு மேல் இருக்கின்றன.

இரண்டிலும் இடைவெளி விட்டு விட்டு, பயிரோடு சேர்ந்து பாடம் நகர்கிறது. மூன்று நாளில் பயிர் வளர்வதில்லை என்று கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள்.

தராசு

மிக்க நன்றி ஐயா. இனி இரண்டாவது பாதி. சிறு தொழில். இங்கேயும் "தொழில்முனைவோர் வகுப்பு" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கு எழுதுவது, திட்ட அறிக்கை, சந்தைப்படுத்தல்.

சந்தேகராசா

இந்த வகையை நிறையப் பேர் அளந்து பார்த்திருக்கிறார்கள். உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி 2021இல் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். வளரும் நாடுகளில் சிறு தொழில் பயிற்சியால் சராசரியில் விற்பனை 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், லாபம் 10 சதவீதம் அளவிலும் கூடுகிறது. ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. வாழ்க்கை மாறிவிடும் என்று மேடையில் பேசவும் முடியாது.

எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். டொமினிக்கன் குடியரசில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு முறையான கணக்குப் பதிவியல். இன்னொரு குழுவுக்கு எளிய விதிகள் மட்டும்: கடைப் பணத்தை மேசையின் ஓர் இழுப்பறையில் வை, வீட்டுப் பணத்தை வேறு இழுப்பறையில் வை, கடையிலிருந்து எடுத்தால் சீட்டு எழுதிப் போடு. முறையான கணக்கு கற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இழுப்பறையைப் பிரித்தவர்கள் கணக்கு தேறியது.

டோகோவில் 1,500 சிறு தொழில்களை வைத்து நடந்த சோதனை 2017இல் வெளியானது. வழக்கமான வணிகப் பாடம் படித்தவர்களுக்கு லாபம் 11 சதவீதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவு. தானே முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் வேறு வழி பார்ப்பது என்று மனப்பாங்கைப் பயிற்றுவித்த குழுவுக்கு 30 சதவீதம். எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் சோதனை ஒழுங்காக நடந்தது.

நாற்றங்கால்

மனப்பாங்கு எனக்கு ஏற்கெனவே இருந்தது தம்பி. இல்லாதது ஆர்டர்.

நான் நாற்றுப்பண்ணை தொடங்கிய வருடம் எனக்கு உதவியது வகுப்பு அல்ல. ஒரு தோட்டக்காரர், "அடுத்த பருவத்துக்கு இத்தனை ஒட்டுச்செடி உன்னிடம் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டித்தான் நிழல்வலையைக் கடனுக்கு வாங்கினேன். பாதித் தொகையை முன்பணமாகவும் தந்தார்.

என்னை மூழ்கடிக்கப் பார்த்ததையும் சொல்கிறேன். செடியை எடுத்துக்கொண்டு போய்விட்டுப் பணத்தை இழுத்தடித்த ஒரு பெரிய வாடிக்கையாளர். பெயர் வேண்டாம். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லாத தொகை. அதனால்தான் மறந்தார். எனக்கு அது அடுத்த விதைப்புக்கு மண்ணும் பையும் வாங்கும் பணம்.

அண்ணே, உங்கள் சங்கத்தில் உள்ளவர்கள் சிறியவர்களிடம் வாங்கிய பொருளுக்கு எத்தனை நாளில் பணம் தீர்க்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுங்கள். அதைச் சீர்செய்ய ஒதுக்கீடே தேவையில்லை.

கயிற்றுக்கட்டில்

கூட்டத்தில் இதைக் கேட்டால் நிறையப் பேருக்குத் திடீரென்று போன் வரும், வெளியே போய்விடுவார்கள்.

வெளியூர்க்காரன்

அக்கா சொன்னது ஒப்பந்தம். நான் நிலத்தையும் சேமிப்பையும் பற்றிச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் ஆல்பா என்ற அமைப்பு இருக்கிறது. கீரையும் ஸ்ட்ராபெரியும் பறிக்கிற கூலித் தொழிலாளர்களைச் சொந்தமாக இயற்கை விவசாயம் செய்கிறவர்களாக்குவதுதான் வேலை. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், பாடம் ஸ்பானிய மொழியில். படிப்பு முடிந்ததும் கையைக் குலுக்கி அனுப்புவதில்லை. அமைப்பின் நிலத்திலேயே ஒரு சிறு துண்டைக் குறைந்த குத்தகைக்குத் தருகிறார்கள். டிராக்டரும் குளிர் அறையும் பொது. வருடம் போகப் போகக் குத்தகை சந்தை விலையை நோக்கி ஏறும், அப்புறம் சொந்தக்காலில் வெளியே போக வேண்டும். சங்கத்தில் உள்ள பெரிய பண்ணைகளில் ஓரத்தில் சும்மா கிடக்கிற நிலம் எவ்வளவு இருக்கும்?

சேமிப்புக்கு நைஜர் நாடு. 1991இல் கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு மராடி பகுதியில் பெண்களோடு தொடங்கிய முறை. சுமார் இருபது பேர் ஒரு குழு, ஓர் இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். எல்லோரும் உட்கார்ந்தால்தான் பெட்டி திறக்கும். போட்ட பணத்திலிருந்தே கடன், வருடக் கடைசியில் வட்டியோடு பங்கு பிரித்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுவார்கள். வெளிப்பணம் ஒரு காசு கிடையாது. வணிகர் சங்கம் பெட்டி வாங்கித் தரலாம், உள்ளே கை நீட்டக் கூடாது.

பொருள் விஷயத்தில் ஜப்பானின் ஓயாமா. மலைக்கிராமம். எல்லோரும் நெல் போடச் சொன்ன காலத்தில், 1961இல், பிளம்மும் செஸ்ட்நட்டும் நட்டு ஹவாய்க்குப் போவோம் என்று கோஷம் வைத்தார்கள். பழத்தை அப்படியே விற்காமல் ஊறவைத்துப் பதப்படுத்தி விற்றார்கள், ஹவாய்க்கும் போனார்கள். 1979இல் ஓய்டா மாகாண ஆளுநர் ஹிராமட்சு இதைப் பார்த்துத்தான் "ஒரு ஊர், ஒரு பொருள்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். தாய்லாந்து 2001இல் அதைத் தன் முறையில் எடுத்துக்கொண்டது.

மடைதிறப்பான்

எல்லாம் சரி. ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் பண்ணையில் தெளிப்பானை நன்றாகப் பார்க்கிற ஒருவன் சொந்தமாகப் பழுது பார்க்கும் தொழில் தொடங்கினால் நான் ஒரு நல்ல ஆளை இழக்கிறேன். அதற்கு நானே பணம் கொடுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்றவன்

அவன் போனபின் உங்கள் தெளிப்பானையும் பக்கத்துப் பத்துப் பண்ணைத் தெளிப்பானையும் அவனே பார்ப்பான். வருடம் முழுக்க அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள், தெளிப்பு வேலை சில மாதம்தானே? ஆளாக வைத்துக்கொள்வதைவிட வேலைக்கு மட்டும் கூப்பிடுவது உங்களுக்கு மலிவாகக்கூட இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மடைதிறப்பான்

போட்டேன். தெளிப்பானுக்கு மட்டும் என்றால் மலிவுதான். ஆனால் அவன் இரவில் மோட்டார் நின்றாலும் ஓடி வருவான். அதைக் கணக்கில் எப்படி எழுதுவது?

சந்தேகராசா

இரவு மோட்டாருக்கு இதுவரை தனியாக எதுவும் கொடுத்தது இல்லை என்பதால்தான் அது கணக்கில் வரவில்லை. அவன் தொழில் தொடங்கினால் ரசீதில் வரும்.

தராசு

அடுத்த வாரம் செயற்குழு. நான் எழுதிக்கொண்டு போவதைச் சுருக்கமாகப் போடுகிறேன், ஓட்டை இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

மண்டபம் கிடையாது. வேலை குறைந்த பருவத்தில், விருப்பப்பட்ட பண்ணைகளில், இடைவெளி விட்டு விட்டுப் பயிற்சி. பயிற்சி நேரத்துக்கு முழுக் கூலியைச் சங்கம் தரும், ஆனால் கூலிப் படியைச் சுவரில் ஒட்டிய பண்ணைக்கு மட்டும். முதல் வேலை தண்டுக்கு உறை. சிறு தொழில் பகுதியில், முன்னாள் பண்ணையாட்களிடம் வாங்கும் உறுப்பினர்கள் எழுத்து மூலம் ஆர்டர் தருவது, பாதி முன்பணம், மீதியைக் குறிப்பிட்ட நாளுக்குள் தீர்ப்பது. உறுப்பினர் தீர்க்கத் தவறினால் சங்க ஒதுக்கீட்டிலிருந்து உடனே கொடுத்துவிட்டு, அந்த உறுப்பினரிடம் சங்கம் வசூலித்துக்கொள்ளும். நிலம் பற்றி ஒருவரிடம் பேசியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

சந்தேகராசா

ஓட்டை ஒன்று இருக்கிறது. இதை யார் மேற்பார்வை பார்ப்பது? எல்லாம் உறுப்பினர்களே என்றால் கூலிப் படித் தாள் ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1991 முதல் லீடர் என்ற கிராமப்புறத் திட்டம் நடக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் வணிகர்கள், பொதுமக்கள் அமைப்புகள், உள்ளாட்சி எல்லோரும் சேர்ந்த ஒரு செயல் குழுதான் பணத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும். எந்த ஒரு தரப்பும் தனியாக முடிவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது விதி. உங்கள் பயிற்சிக் குழுவில் பாதி இடம் பண்ணையாட்களுக்கு.

தராசு

பாதி என்றால் செயற்குழு நாற்காலியைத் தூக்கி எறியும். மூன்றில் ஒரு பங்கு கேட்டுப் பார்க்கிறேன். கூலிப் படியை மாற்றுவதற்கு மட்டும் அவர்கள் சம்மதம் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

நாற்றங்கால்

அந்த மூன்றில் ஒரு பங்கில் பெண்கள் இருக்க வேண்டும். மேஸ்திரியைப் பண்ணையாள் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம் குழுக் கூட்டத்துக்கு வருகிற நாளுக்கும் அவர்களுக்குக் கூலி உண்டு என்று எழுதுங்கள்.

தராசு

மூன்றும் எழுதிக்கொண்டேன் அம்மா. கூட்டம் முடிந்ததும் முடிவை இங்கேயே போடுகிறேன்.

மடைதிறப்பான்

போடுங்கள். ஒட்டுகிற தாளின் மாதிரி ஒன்று தயார் செய்தால் எனக்கும் அனுப்புங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.